விரற்கடை அளவில் ஒரு வேட்டைக்காரன்

உங்கள் இல்லத்தின் முன்கூடத்தில் கண்ணாடி மீன்தொட்டி ஒன்று இருக்கிறதா? இருந்தால் அதில் பெரும்பாலும் தங்கமீன்களோ, கப்பி மீன்களோ, மோலி மீன்களோ நீந்திக் கொண்டிருக்கும். காலையில் ஒரு சிட்டிகைத் தீனியைத் தூவினால் அவை யாவும் மேலே வந்து வாயைத் திறக்கும். அத்துடன் நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணி நாம் நம் வேலையைப் பார்க்கச் சென்றுவிடுவோம்.

ஆனால், வண்ணமீன் கடைகளின் ஓரத்தில், தனியாக வைக்கப்பட்ட சிறு தொட்டிகளில் வேறு சில மீன்களும் இருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். பளபளக்கும் நிறமோ, விசிறி போன்ற வாலோ அவற்றுக்கு இல்லை. இருந்தும் அவற்றின் எதிரே நின்ற குழந்தை எளிதில் நகராது. காரணம், நாம் அவற்றைப் பார்ப்பது போலவே அவையும் நம்மைப் பார்க்கின்றன! இவை சிறு வேட்டை மீன்கள். தூவிய தீனியைத் தேடி வாராமல், உயிருள்ள இரையைக் கண்டு, பதுங்கிச் சென்று, பாய்ந்து கவ்வி உண்பவை.

இத்தகைய மீன்களை வீட்டில் வளர்க்கலாமா? வளர்க்கலாம், பெருமகிழ்ச்சி தரும். ஆனால் உருவம் சிறிதென்று பொறுப்பையும் சிறிதாக எண்ணிவிடக் கூடாது. அந்தத் தவற்றைச் செய்தவன் என்ற முறையில்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பம்பை ஆற்றுப் பட்டாணி

நம் கடற்கரை ஊர்களில் பேத்தை மீனை அறியாதார் இரார். வலையில் சிக்கினால் வயிற்றைப் பந்துபோல் உப்பவைத்துக்கொண்டு கிடக்கும். அவ்வினத்தில் பலவற்றின் உடலில் கொடிய நஞ்சு இருப்பதால் மீனவர்கள் அதனை ஒதுக்கிவிடுவர். அந்தப் பேத்தைக் குடும்பத்தில் கடலுக்கே செல்லாமல், ஆற்று நன்னீரிலேயே பிறந்து வளர்ந்து மடியும் குள்ள மீன் ஒன்று உண்டு. வெளிநாட்டினர் பட்டாணிக்கு ஒப்பிட்டு அதற்குப் பெயரிட்டனர். நம் கடைகளிலும் 'பீ பஃபர்' என்றே விற்கின்றனர். நாம் இங்கே பட்டாணிப் பேத்தை என்று அழைப்போம்.

இதன் தாயகம் மிகத் தொலைவில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கேரளத்துக்குள் இறங்கும் பம்பை, பெரியாறு, சாலக்குடி முதலிய ஆறுகளிலும், வேம்பநாட்டு ஏரியை ஒட்டிய நன்னீர்ப் பகுதிகளிலும் வாழ்கிறது. 1941ஆம் ஆண்டில் சுந்தர் லால் ஹோரா, கே. கே. நாயர் என்னும் இரு விலங்கியலார் இதனை அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினர். திருவிதாங்கூரில் கிடைத்தமையால் அந்நாட்டின் பெயரே இம்மீனின் அறிவியல் பெயரில் நிலைத்துவிட்டது.

முழு வளர்ச்சி பெற்ற மீனும் இரண்டரை சென்டிமீட்டர் நீளமே இருக்கும். அரிதாகச் சில மூன்றரை சென்டிமீட்டரை எட்டும். பச்சை கலந்த மஞ்சள் உடலில் கரும்பொட்டுகள். சிறு வாய், அதனுள் மேலிரண்டும் கீழிரண்டுமாக நான்கு பல்தகடுகள் இணைந்து கிளியின் அலகுபோல் அமைந்துள்ளன. நத்தையின் ஓட்டை உடைப்பதற்கென்றே படைத்தவன் அளித்த கருவி அது. கண்களோ ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே சுழலும். ஒரு கண் நத்தையின்மேல் இருக்கும்போதே மறு கண் கண்ணாடிக்கு வெளியே உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் இல்லத்தில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் என் மகளின் பிடிவாதத்தால் ஒரு கடையில் நான்கு பட்டாணிப் பேத்தைகளை வாங்கினேன். "என்ன தீனி கொடுக்க வேண்டும்?" என்று கேட்டேன். "சின்ன மீன்தானே சார், எதைப் போட்டாலும் தின்னும்" என்றார் கடைக்காரர். நானும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஆறு கப்பி மீன்கள் இருந்த தொட்டியிலேயே அவற்றையும் விட்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் கப்பி மீன்களின் அழகிய வால்கள் கத்தரியால் நறுக்கியவை போலக் குறைந்திருந்தன. ஓர் ஆண் கப்பிக்கு வாலே இல்லை. அவசர அவசரமாகக் கப்பிகளை ஒரு வாளிக்கு மாற்றினோம். 'இனித் தொல்லை இல்லை' என்று எண்ணி, பேத்தைகளுக்கு வழக்கமான உருண்டைத் தீனியைப் போட்டேன். அவை அருகே வந்து பார்த்தன, திரும்பிச் சென்றுவிட்டன. தீனி அடியில் தங்கி ஊறி அழுகியது. நீர் கலங்கத் தொடங்கியது.

மூன்றாம் நாள் என் மகள் கேட்டாள்: "வாப்பா, அது பட்டினியா கிடக்குதோ?"

"பசித்தால் தானே தின்னும், விடும்மா" என்றேன்.

வாசகர்களே, அந்த ஒரு வாக்கியத்தை நினைத்து நான் பலமுறை வருந்தியிருக்கிறேன். ஒன்பதாம் நாள் ஒரு மீன் இறந்தது. பதினோராம் நாள் மற்றொன்று இறந்தது. நோய் என்று எண்ணி மருந்து வாங்கப் புறப்பட்டேன். எங்கள் தெருவில் நெடுங்காலமாக மீன் வளர்க்கும் பெரியவர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். அவர் தொட்டியின் முன் குனிந்து, எஞ்சியிருந்த இரண்டு மீன்களையும் பக்கவாட்டில் உற்றுப் பார்த்தார். "தம்பி, இதுக்கு நோயும் இல்லை, ஒண்ணும் இல்லை. வயித்தைப் பாருங்க, ஒட்டிக் கிடக்குது. இது பசி" என்றார்.

தம் வீட்டுக்குச் சென்று, நீர்ச்செடியில் ஒட்டியிருந்த மிளகளவு நத்தைகள் ஐந்தாறைக் கொண்டுவந்து தொட்டியில் இட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சோர்ந்து மூலையில் கிடந்த மீன் மெல்ல எழுந்தது. ஒரு நத்தையின் எதிரே அசையாமல் நின்றது. வாலை ஒருபுறம் வளைத்தது. நத்தை தன் உணர்கொம்பை வெளியே நீட்டியதும் ஒரே பாய்ச்சல்! என் மகள் கைதட்டினாள். நான் கைதட்டவில்லை. பதினொரு நாட்களாக அந்த மீன் எதற்காகக் காத்திருந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பூனையொன்றை அடைத்துவைத்து, அதற்கு உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்ன வெளியே விடாமலும் இருந்து, அது மடியக் காரணமான பெண்ணைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தியை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறோம். பூனைக்கு உரியது மீனுக்கு இல்லையா? பூனையாவது பசித்தால் கத்தும். மீனுக்குக் குரல் இல்லை. கண்ணாடிச் சுவருக்குள் அதனை வைத்த கணமே அதன் உணவு நம் பொறுப்பாகிவிடுகிறது. 'நான் கொடுப்பதைத் தின்னட்டும்' என்பது பொறுப்பன்று. அது தின்னக்கூடியதைக் கொடுப்பதே பொறுப்பு.

முதலில் நீர், பிறகுதான் மீன்

இம்மீனை வளர்க்க விரும்புவோர் முதலில் தொட்டியை ஆயத்தம் செய்ய வேண்டும். ஒரேயொரு பேத்தைக்கு 20 லிட்டர் நீராவது தேவை. ஐந்தாறு மீன்களைச் சேர்த்து வளர்ப்பதாயின் இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் கொண்ட தொட்டி ஏற்றது. அது ஏறத்தாழ 50 லிட்டர் கொள்ளும். நீரின் எடை மட்டுமே 50 கிலோ என்பதை மறவாமல் உறுதியான மேசைமீது வையுங்கள். உருண்டைக் கண்ணாடிக் குடுவை எந்த மீனுக்கும் நல்லதன்று; இதற்குச் சிறிதும் ஆகாது.

தொட்டியில் நீர் நிரப்பிய அன்றே மீனை விடுவது பெரும்பாலோர் செய்யும் பிழை. மீனின் கழிவிலிருந்தும், மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் இரா. வடிகட்டியின் பஞ்சிலும், மணலிலும், செடிகளிலும் அவை பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நன்கு நடந்துவரும் வேறொரு தொட்டியின் பழைய வடிகட்டிப் பஞ்சைப் பெற்று வைத்தால் இக்காலம் குறையும். ஊன் உண்ணும் மீன்களின் கழிவில் அம்மோனியா மிகுதி. ஆதலால் இவற்றுக்கு இந்தக் காத்திருப்பு இன்னும் இன்றியமையாதது.

குழாய் நீரில் குளோரின் கலந்திருந்தால் அகன்ற வாளியில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்த பிறகு பயன்படுத்துங்கள். அல்லது கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சில துளிகள் இடுங்கள். நீரின் வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நன்று. நம் ஊர்களில் பெரும்பாலான மாதங்களில் தனியே சூடாக்கி தேவைப்படாது. கோடையில் வெயில் நேரே விழாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும் என்பதே கவலை. இது நன்னீர் மீன். பேத்தை என்றவுடன் உப்புக் கலக்க வேண்டும் எனச் சிலர் கூறுவர். இதற்குத் தேவையில்லை.

காற்றுக் குழாயில் இயங்கும் பஞ்சு வடிகட்டி போதும். இது வேகமாக நீந்தும் மீன் அன்று. பலத்த நீரோட்டம் இதனை அலைக்கழிக்கும். வாரம் ஒருமுறை கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நீரை மாற்றுங்கள். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் சோப்பிட்டுக் கழுவி விடாதீர்கள்! தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசிப் பிழிந்தால்தான் நுண்ணுயிர்கள் பிழைத்திருக்கும்.

செடிகளை அடர்த்தியாக வையுங்கள். வேலம்பாசி, வாலிஸ்நேரியா, ஜாவா பாசி ஆகியவை எளிதில் வளரும். சிறு கற்களாலும் மரவேர்களாலும் மறைவிடங்கள் அமையுங்கள். ஒன்றன் பார்வையிலிருந்து மற்றொன்று ஒதுங்க இடம் இருந்தால் சண்டை பாதியாகக் குறையும். அன்றியும், சுற்றித் திரிந்து இரை தேடுவதற்கு ஒரு காடு வேண்டுமல்லவா? வெறுந்தொட்டியில் விடப்பட்ட பேத்தை, கண்ணாடி ஓரமாக மேலும் கீழும் நீந்திக்கொண்டே இருக்கும். அது விளையாட்டன்று, சலிப்பு.

அடுப்பங்கரையின் அனுமதி

இனி, இவ்வளர்ப்பின் உயிர்நாடியான உணவுக்கு வருவோம்.

முதல் உணவு நத்தை. ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பி, நீர்ச்செடிகளோடு வரும் சிறு நத்தைகள் பத்துப் பதினைந்தை அதில் விடுங்கள். வேகவைத்த கீரைத் தண்டு, வெள்ளரித் துண்டு ஆகியவற்றை வாரம் இருமுறை சிறிதளவு இட்டால் சில வாரங்களில் அவை பெருகிவிடும். மிளகளவு முதல் சிறு பட்டாணியளவு வரை உள்ளவையே ஏற்றவை. முற்றிய, கடின ஓடுடைய நத்தைகளை இச்சிறு மீனால் உடைக்க இயலாது. பேத்தை இனத்தின் பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பவை. ஓட்டைக் கடிப்பதால் அவை தேய்ந்து அளவோடு நிற்கின்றன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மீன் ஒன்றுக்கு இரண்டு மூன்று சிறு நத்தைகள் போதும்.

இரண்டாவது, உறையவைத்த இரத்தப்புழுவும் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலும். நகரங்களில் உள்ள வண்ணமீன் கடைகளில் சிறு சதுரக் கட்டிகளாக இவை கிடைக்கின்றன. ஒரு கிண்ணம் தொட்டி நீரில் கரையவிட்டு, வடித்து, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். ஆனால் இவற்றைக் குளிர்பெட்டியில்தானே வைத்தாக வேண்டும்? "இறைச்சி வைக்கிற இடத்தில் புழுவா?" என்று என் மனைவி கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. இறுக மூடும் டப்பாவில் இட்டு, அதனை மற்றொரு டப்பாவில் வைத்து, உணவுப் பொருள்களிலிருந்து விலகிய தட்டில் வைப்பதென்று உடன்படிக்கை ஏற்பட்டது. கையாண்டபின் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். இரத்தப்புழு சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். தும்மலோ அரிப்போ வந்தால் வேறொருவரிடம் அப்பணியை ஒப்படையுங்கள். அடுப்பங்கரையின் அனுமதி இல்லாமல் இவ்வகை மீனை வாங்கி வராதீர்கள் என்பது என் அன்பான எச்சரிக்கை.

மூன்றாவது, தண்ணீர்த் தெள்ளு என்னும் சிற்றுயிர். மாடியில் ஒரு தொட்டி நீரைப் பச்சை பிடிக்கவிட்டு அதில் வளர்க்கலாம். கொசு முட்டையிடாதபடி மெல்லிய துணியால் வாயைக் கட்டிவிட வேண்டும். கொசுப்புழுவையும் பேத்தை ஆவலுடன் உண்ணும். ஆயினும் அதற்கெனத் தண்ணீரைத் தேக்கிவைப்பது கூடவே கூடாது. நம் வெப்பத்தில் ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் அது கொசுவாகப் பறந்துவிடும். தெளிந்த நீரில் வளரும் கொசுவே டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது. "மீனுக்குப் புழு வளர்க்கப் போய்ப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலை இழுத்துவிடாதே" என்று என் உம்மா சொன்னதை உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

சாக்கடை ஓரங்களில் எடுக்கப்படும் டியூபிஃபெக்ஸ் புழுக்கள் மலிவாகக் கிடைக்கும். அவை நோயையும் உடன் கொண்டுவரலாம். தவிர்ப்பது நலம்.

எவ்வளவு கொடுப்பது? நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ சிறிதளவு கொடுங்கள். வயிறு மெல்ல உருண்டு தெரிந்தால் போதும். வயிறு உள்ளே குழிந்திருந்தால் பசி. நன்கு உண்டும் குழிந்தே இருந்தால் குடற்புழு இருக்கலாம். ஆற்றிலிருந்து பிடிக்கப்பட்ட மீன்களில் இது அடிக்கடி காணப்படும். ஆதலால் புதிய மீன்களை முதல் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துக் கவனியுங்கள்.

அதன் குணம் அறிந்து நடத்தல்

பேத்தைக்குத் தோழமை கற்பிக்க முயலாதீர்கள். நீண்ட வாலும் மெதுவான நீச்சலும் உடைய மீன்களை அது கடித்துக் குதறும். தம் இனத்துக்குள்ளும் ஆண்கள் இடத்துக்காகப் போரிடும். வயிற்றின் நடுவே கருங்கோடும், கண்ணுக்குப் பின்னே சுருக்கம் போன்ற ஒளிரும் கோடுகளும் இருந்தால் அது ஆண். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்ற கணக்கில் வைத்தால் அமைதி நிலவும். இளம் மீன்களில் இவ்வேறுபாடு தெரியாது. வளர்ந்தபின் பிரித்து வைக்க ஒரு தொட்டி தேவைப்படலாம்.

பிள்ளைகள் ஒன்று கேட்பார்கள்: "அது எப்போது பந்துபோல் உப்பும்?" அச்சம் மேலிட்டால்தான் அது நீரை விழுங்கி உப்புகிறது. அதனைக் காண்பதற்காகக் கோலால் சீண்டுவது துன்புறுத்தலாகும். வேறு தொட்டிக்கு மாற்றும்போதும் வலையால் வெளியே தூக்காமல், நீருக்குள்ளேயே ஒரு குவளையில் ஏந்தி எடுங்கள். வெளியே வந்து காற்றை விழுங்கிவிட்டால் அதனை வெளியேற்ற இயலாமல் தவிக்கும்.

சில வாரங்களில் அது உங்களை அறிந்துகொள்ளும். தீனி வேளையில் நீங்கள் அறைக்குள் வந்தால் கண்ணாடியருகே வந்து நிற்கும். இடமிருந்து வலமாக நடந்தால் அதுவும் உடன் வரும். நன்கு பேணினால் நான்கைந்து ஆண்டுகள் வாழும். சுகமாக இருக்கும் இணை, பாசிகளுக்கிடையே ஒரு தடவைக்குச் சில முட்டைகள் இடும். ஏறத்தாழ ஐந்து நாட்களில் அவை பொரிக்கும். அக்குஞ்சுகளுக்கு ஊசிமுனையளவு உயிருணவு வேண்டும். அது பொறுமையின் அடுத்த வகுப்பு!

இன்னும் சில சிறு வேட்டைக்காரர்கள்

பிரம்மபுத்திரா ஆற்றுப் படுகையிலிருந்து வரும் செம்பேடிஸ் என்னும் மீன் பேத்தையைவிடச் சிறியது. ஆணின் உடலில் செஞ்சிவப்பும் வெண்ணீலக் கோடுகளும் மாறிமாறி அமைந்து மணிபோல் ஒளிரும். இது கோபக்காரன் அன்று, கூச்சக்காரன். உயிருணவையே நாடும், வேகமான மீன்களோடு வைத்தால் தீனியை விட்டுக்கொடுத்தே பட்டினி கிடக்கும்.

ஆப்பிரிக்காவின் மேற்கு, நடுப் பகுதிகளின் அமைதியான நீர்நிலைகளில் வாழும் வண்ணத்துப்பூச்சி மீன், நீர்ப்பரப்பில் காய்ந்த இலைபோல் மிதந்து, மேலே விழும் பூச்சிகளைப் பிடிக்கும். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வளரும். துள்ளிப் பாயும், ஆகவே தொட்டிக்கு மூடி இன்றியமையாதது. பூச்சிமருந்து தெளித்த வீட்டில் பிடித்த பூச்சியை ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

ஆனால் 'சிறு வேட்டை மீன்' என்று எண்ணி, பெரிய வேட்டை மீன்களின் குஞ்சுகளை வாங்கி ஏமாறாதீர்கள். விரல் நீளத்தில் விற்கப்படும் முதலைமூக்கு கார் மீனும், அரபைமாவும் இரண்டு மீட்டருக்கு மேல் வளரக்கூடியவை. பின்பு இடமில்லாமல் ஆற்றிலோ ஏரியிலோ கொண்டுபோய் விடுகின்றனர். 2018ஆம் ஆண்டுக் கேரளப் பெருவெள்ளத்தில் வளர்ப்பிடங்களிலிருந்து அரபைமா தப்பி, சாலக்குடி ஆற்றில் அகப்பட்டது. நம் பட்டாணிப் பேத்தையின் தாய்வீடு அந்த ஆறு என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அந்நிய மீனை நம் நீர்நிலையில் விடுவது இரக்கம் அன்று. அங்குள்ள எளிய உயிர்களுக்குச் செய்யும் அநீதி.

வாங்குமுன் ஒரு கேள்வி

பட்டாணிப் பேத்தை உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத, இந்தியாவின் தென்மேற்குக் கரைக்கே உரிய மீன். வண்ணமீன் வியாபாரத்துக்காக ஆற்றிலிருந்து அள்ளப்படுவதாலும், வாழிடம் சீர்கெடுவதாலும் அதன் எண்ணிக்கை குறைந்து வந்திருக்கிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவுக்கு ஆளாகக்கூடிய உயிரினங்களின் வரிசையில் சேர்த்துள்ளது.

எனவே கடைக்காரரிடம், "இது ஆற்றில் பிடித்ததா, தொட்டியில் இனப்பெருக்கம் செய்ததா?" என்று கேளுங்கள். வீட்டிலேயே இனப்பெருக்கம் செய்யும் ஆர்வலர்கள் இருக்கின்றனர். விலை சற்றுக் கூடினாலும் அவர்களிடம் வாங்குவது நலம். மற்றொன்றும் கேளுங்கள்: "என் எதிரில் இதற்குத் தீனி கொடுத்துக் காட்டுவீர்களா?" உண்ணும் மீனையே வாங்குங்கள். அன்று நான் இக்கேள்வியைக் கேட்டிருந்தால் இரண்டு உயிர்கள் வீணாகியிரா.

பிழைத்த அந்த இரண்டு மீன்களும் பின்னர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் எங்கள் இல்லத்தில் வாழ்ந்தன. ஒருநாள் என் மகள் நத்தையைத் தொட்டியில் இடுமுன் தயங்கி, "வாப்பா, நத்தை பாவமில்லையா?" என்று கேட்டாள். மீனுக்கு நத்தையை இரையாக்கியவன் நாமல்லன் என்றும், விளையாட்டுக்காக ஒரு நத்தையையும் அதிகமாக இடாதிருப்பதும், நத்தைத் தொட்டியையும் தூய்மையாக வைத்திருப்பதும் நம் கடமை என்றும் கூறினேன். அவள் அதனை மனத்தில் கொண்டாள். அன்றுமுதல் நத்தைகளை எண்ணித்தான் இடுவாள். பள்ளிக்குச் செல்லுமுன், தான் காலை உணவுக்கு உட்காருவதற்கும் முன்பாக, தொட்டியின் பக்கவாட்டில் குனிந்து மீன்களின் வயிற்றைப் பார்ப்பாள். "வாப்பா, சாப்பிட்டிருக்கு" என்று சொன்ன பிறகே தட்டில் கை வைப்பாள்.

வாசகர்களே, உங்கள் பிள்ளைகளும் இத்தகைய மீன் வேண்டுமென்று கேட்கலாம். உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே வாங்கவும் வேண்டாம். முதலில் ஒரு தொட்டியும் நீர்ச்செடியும் வாங்கிக் கொடுத்து, நத்தைகளை ஆறு வாரம் வளர்த்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குள் தொட்டி நீரும் பக்குவப்படும். பிள்ளையின் ஆர்வமும் உண்மையா என்பது தெரியும். நத்தை வளர்ப்பில் சலித்துப்போன பிள்ளைக்கு வேட்டை மீன் வேண்டாம். சலிக்காத பிள்ளையைக் கைப்பிடித்துக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.